உடல் நடுங்கினால் உள்ளம் ஆறுமா?

முதல் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் ஆர்தர் ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேய ராணுவ மருத்துவர், தன்னிடம் சிகிச்சைக்கு வந்த சிப்பாய்களைப் படம் பிடித்துவைத்தார். அந்த ஊமைப்படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. ஒருவர் நிற்க முயல்கிறார், முழங்கால்கள் உதறுகின்றன. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவரின் தலை ஆடிக்கொண்டே இருக்கிறது. ஓர் இளைஞன் யார் எதைச் சொன்னாலும் அசையவில்லை. ‘குண்டு’ என்ற சொல் காதில் விழுந்ததும் பாய்ந்துபோய்க் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிறான். அடுத்தடுத்த காட்சிகளில் இவர்களில் பலர் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், மருத்துவமனைத் தோட்டத்தில் மண் கொத்துகிறார்கள். ‘சிகிச்சைக்கு முன்’ என்று காட்டப்படும் காட்சிகளில் சில, குணமானபின் திரும்ப நடித்துக் காட்டச் சொல்லி எடுக்கப்பட்டவையாக இருக்கலாம் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் சந்தேகிக்கிறார்கள். உடல்வழிச் சிகிச்சைகளின் வரலாற்றை வாசிப்பவர்கள் இந்தச் சந்தேகத்தைக் கைவசம் வைத்திருப்பது நல்லது. வெற்றிக் கதைகளுக்கு இத்துறையில் எப்போதுமே பஞ்சம் இருந்ததில்லை.

சிப்பாய்களின் பேச்சில் புழங்கிய ‘ஷெல் ஷாக்’ என்ற பெயரை 1915 பிப்ரவரியில் ‘லான்செட்’ இதழில் அச்சேற்றியவர் சார்லஸ் மையர்ஸ். காயம் என்று சுட்டிக்காட்ட எதுவுமில்லாத உடல்கள் ஏன் இப்படி ஆடுகின்றன என்பது அன்றைய மருத்துவர்களைக் குழப்பியது. நரம்பு சேதமா, மன பலவீனமா, போர்முனையிலிருந்து தப்பிக்கும் நாடகமா என்று வாதம் நீண்டது. 1941இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஏப்ரம் கார்டினர், போர் முடிந்து ஆண்டுகள் கழிந்தும் முன்னாள் வீரர்களின் உடல் அபாயத்தை எதிர்பார்த்து விறைத்தே கிடப்பதைப் பதிவுசெய்தார். சிறு சத்தத்துக்கும் துள்ளுவது, தூக்கம் கெடுவது, சட்டென்று சினம் பொங்குவது எல்லாம் அவரது பட்டியலில் இருந்தன. நோய் மனதில் மட்டும் இல்லை, உடலியக்கத்திலும் இருக்கிறது என்றார் அவர். நெடுங்காலம் அவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வியட்நாம் போருக்குப்பின், 1980இல்தான் ‘பி.டி.எஸ்.டி.’ (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய்) என்ற பெயரில் அந்த நோய் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இடம்பெற்றது.

உடலில் வெளிப்படும் நோயை உடல் வழியாகவே தணிக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டில் இரண்டு விதமான பதில்கள் வந்தன. உடலை இளகப் பழக்கலாம் என்பது ஒன்று. உடலுக்குள் அடைபட்டுக் கிடப்பதை வெளியேற்றலாம் என்பது மற்றொன்று. இன்று பயிலரங்குகளிலும் யூடியூபிலும் இரண்டும் ஒரே மூச்சில் பேசப்படுகின்றன. ஆனால் இரண்டுக்கும் உள்ள ஆதாரம் ஒரே எடை கொண்டதல்ல.

முதல் பதிலுக்குச் சொந்தக்காரர் சிகாகோவின் எட்மண்ட் ஜேக்கப்சன். 1908இல் ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்த அவர், திடீர்ச் சத்தத்துக்கு மனிதர் திடுக்கிடுவதை ஆராய்ந்தார். தசைகளைத் தளர்த்தப் பழகியவர்கள் அவ்வளவாகத் திடுக்கிடுவதில்லை என்று கண்டார். தசை தளர்ந்திருக்கிறது என்று ஒருவர் வாயால் சொன்னால் அவருக்குப் போதாது. தசைநாரில் ஓடும் நுண்ணிய மின்னழுத்தத்தை அளக்கும் கருவிகளை உருவாக்கிக்கொண்டார். அசையாமல் படுத்தபடி கையை மடக்குவதாகக் கற்பனை செய்தாலே அந்தக் கையின் தசையில் மின்துடிப்பு எழுவதை அக்கருவிகள் காட்டின. அவரது நூல் 1929இல் வெளியானது.

அவர் முறையின் இன்றைய சுருக்க வடிவம் எந்த உளவியல் ஆலோசகருக்கும் தெரியும். வலது கை விரல்களை மடக்கி முஷ்டியை இறுக்க வேண்டும். ஐந்து முதல் ஏழு விநாடி அப்படியே பிடிக்க வேண்டும். முன்கையில் எங்கே இறுகுகிறது, மணிக்கட்டில் எப்படி இழுக்கிறது என்று கவனிக்க வேண்டும். பிறகு ஒரே மூச்சில் விட்டுவிட வேண்டும். அடுத்த அரை நிமிடம் வேறு வேலை இல்லை. இறுக்கம் வடிந்துபோவதைக் கவனிப்பதே வேலை. அடுத்து புஜம், நெற்றி, தாடை, தோள், வயிறு, தொடை, கெண்டைக்கால் என்று போகும். பெரும்பாலோர் முதல் முறை செய்யும்போது ஒன்றைக் கண்டுகொள்கிறார்கள்: தாடையும் தோளும் நாள் முழுக்க இறுகிக் கிடந்தது அவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. ஜேக்கப்சன் இதைப் பல மாதங்கள் கற்பித்தார். 1950களில் ஜோசப் வோல்ப் அதை ஒரு சில அமர்வுகளுக்குச் சுருக்கினார். பரவியது சுருக்கம்தான்.

இரண்டாவது பதிலின் கதை இதைவிடப் பரபரப்பானது. ஃபிராய்டின் சீடராக இருந்த வில்ஹெல்ம் ரைக், அடக்கிவைத்த உணர்ச்சிகள் தசைகளில் கவசம்போல உறைகின்றன என்று 1930களில் வாதிட்டார். அந்தக் கவசத்தை உடைத்தால் உணர்ச்சி வெளியேறும், மனிதர் குணமாவார். பிற்காலத்தில் அவர் ‘ஆர்கோன்’ என்ற பிரபஞ்ச ஆற்றலைச் சேமிக்கும் பெட்டிகளை உருவாக்கி, அவை தொடர்பான நீதிமன்றத் தடையை மீறிய வழக்கில் சிறை சென்று 1957இல் சிறையிலேயே இறந்தார். அவரது மாணவர் அலெக்சாண்டர் லோவன், ஆர்கோனை ஒதுக்கிவிட்டுக் கவசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு சிகிச்சைமுறையைக் கட்டினார். உடலை ஒரு நிலையில் வளைத்து நிறுத்தி, தசை களைத்துத் தானாக அதிரும்வரை காத்திருப்பது அதில் ஒரு உத்தி.

அந்த அதிர்வையே முழுச் சிகிச்சையாக்கியவர் டேவிட் பெர்செலி. கத்தோலிக்க ஊழியராக லெபனானிலும் ஆப்பிரிக்காவிலும் பணியாற்றியவர். ஷெல்லடியின்போது பதுங்குமிடத்தில் எல்லோரும் ஒரே மாதிரி உடலைக் குறுக்கிக்கொள்வதையும், அபாயம் விலகியபின் குழந்தைகள் வெட்கமின்றி நடுங்குவதையும், பெரியவர்கள் அந்த நடுக்கத்தை அடக்கிக்கொள்வதையும் கவனித்ததாக அவர் எழுதுகிறார். இதிலிருந்து உருவான டி.ஆர்.இ. என்ற நடுக்கப் பயிற்சி எளிமையானது. கெண்டைக்காலையும் தொடையையும் களைக்கவைக்கும் சில அசைவுகள், சுவரில் முதுகு சாய்த்து நாற்காலியில்லாமல் உட்காரும் நிலை. பிறகு மல்லாந்து படுத்து, பாதங்களைச் சேர்த்து முழங்கால்களை விரித்து, மெல்ல மெல்ல அவற்றை நெருக்குவது. பாதி வழியிலேயே தொடைகள் தாமாக ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் இடுப்புக்கும் முதுகுக்கும் ஏறுவதுண்டு. முதுகெலும்பின் அடிப்பகுதியையும் தொடை எலும்பையும் இணைக்கும் சோவாஸ் தசையில் தேங்கிய அதிர்ச்சி இப்படி வெளியேறுகிறது என்பது விளக்கம்.

களைத்த தசை நடுங்கும். மாடிப்படிகளில் மூட்டை சுமப்பவர் யாருக்கும் அது தெரியும். பலர் இந்தப் பயிற்சிக்குப் பின் லேசாக உணர்கிறார்கள், நன்றாகத் தூங்குகிறார்கள் என்பதையும் மறுக்க வேண்டியதில்லை; உடலை உழைக்கவிட்டு ஓய்வெடுத்தால் தூக்கம் வரத்தான் செய்யும். ஆனால் சோவாஸ் தசையிலோ வேறெந்தத் தசையிலோ அதிர்ச்சி ஒரு பொருளாகத் தேங்கிக் கிடப்பதை எவரும் காட்டியதில்லை. இதுவரை வெளியான ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறிய முன்னோட்டங்கள்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த ‘சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்’ முறை சற்று நிதானமானது. அதை உருவாக்கிய பீட்டர் லெவின் 1969இல் ஒரு நோயாளியோடு நடந்ததைத் தொடக்கமாகச் சொல்கிறார். தளர்வுப் பயிற்சியின் நடுவே அந்தப் பெண் உறைந்துபோனார். புலியொன்று துரத்துகிறது, ஓடு என்று லெவின் கத்தினார். படுத்தபடியே அவர் கால்கள் ஓடுவதுபோல அசைந்தன, உடல் நடுங்கியது, பிறகு அமைதி வந்தது. 1997இல் வந்த லெவினின் நூலின் தலைப்பிலும் அந்தப் புலிதான் இருக்கிறது. காட்டு விலங்குகள் உயிர்தப்பியதும் உடலை உதறிவிட்டுப் பழையபடி மேயப் போகின்றன, அவற்றுக்கு மனவடு இல்லை, உதறுவதை மறந்த மனிதனுக்குத்தான் அது வருகிறது என்பது அவர் வாதத்தின் அச்சாணி.

கேட்க அழகான வாதம். ஆனால் விலங்குகளைக் கையாள்பவர்களின் அனுபவம் வேறு மாதிரி. வலையில் பிடித்து இடம் மாற்றப்படும் புள்ளிமான், விரட்டப்பட்ட அதிர்ச்சியிலும் தசைச் சிதைவிலும் நாட்கள் கழித்துக்கூட இறந்துபோவது வனக் கால்நடை மருத்துவர்களின் நிரந்தரக் கவலை. கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் லியானா சேனெட் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. காட்டில் பிடித்த சிக்கடி என்ற சிறு பறவைகளில் ஒரு பகுதிக்கு வேட்டைப் பறவைகளின் குரலை இரண்டு நாள் கேட்கவைத்தார்கள். மற்றவற்றுக்கு ஆபத்தில்லாத குரல்கள். பிறகு ஏழு நாள் எல்லாவற்றையும் ஒன்றாகவே விட்டுவைத்தார்கள். அதற்குப் பின்னும் வேட்டைக்குரல் கேட்டவற்றின் மூளையில் அச்சத்தைக் கையாளும் பகுதிகளில் அதன் தடம் அழியாமல் இருந்தது. பறவைகளுக்கு இறகு உதறத் தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

விளக்கம் தவறானாலும் சிகிச்சை பலிக்கலாம் என்பது உண்மைதான். மருத்துவ வரலாற்றில் அப்படி நிறைய உண்டு. இஸ்ரேலில் 63 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 15 வார அமர்வுகள் தந்து 2017இல் வெளியான ஆய்வில் லெவின் முறை பி.டி.எஸ்.டி. அறிகுறிகளை நன்றாகவே குறைத்தது. ஒப்பிட்டது, சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்களோடு மட்டும். அதே ஆண்டில் டென்மார்க்கில் இடுப்பு வலியும் மனவடுவும் சேர்ந்திருந்த 91 பேரிடம் நடந்த ஆய்வும் ஓரளவு நம்பிக்கை தந்தது. அக்குழுவினரே 2020இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில், பிசியோதெரபியோடு இந்த முறையையும் சேர்த்தவர்கள், பிசியோதெரபி மட்டும் பெற்றவர்களைவிட மேலாகத் தேறவில்லை. இரு தரப்பாரும் தேறினார்கள். கூடுதல் சிகிச்சையால் கூடுதல் பலன் இல்லை.

தமிழகக் கடற்கரையும் இந்த வரலாற்றில் வருகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் வந்த உதவிக் குழுக்களில் லெவின் முறை பயின்றவர்களும் இருந்தார்கள். தமிழக மீனவ கிராமங்களில் 150 பேருக்கு 75 நிமிட அமர்வு ஒன்று தந்து, எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது 90 விழுக்காட்டினர் பெரிதும் தேறியிருந்ததாகவோ அறிகுறிகளே இல்லை என்றோ சொன்னதாக 2008இல் ராஜா செல்வம் உள்ளிட்ட குழு எழுதியது. ஒப்பீட்டுக் குழு இல்லை. எட்டு மாதத்தில் படகும் வலையும் திரும்ப வந்திருக்கும், பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருப்பார்கள். பேரிடரில் பிழைத்தவர்களில் பலர் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் அந்தக் காலத்துக்குள் மெல்லத் தேறிவிடுகிறார்கள். 75 நிமிடத்தின் பங்கு எவ்வளவு என்பதை அந்த எண்ணிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

நாகை முகாம்களிலேயே நடந்த இன்னொரு ஆய்வில் ஒப்பீட்டுக் குழு உண்டு. கடுமையான அறிகுறிகள் இருந்த 183 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு யோக மூச்சுப் பயிற்சி. இன்னொன்றுக்கு அதோடு அதிர்ச்சி நினைவைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் சிகிச்சை. மூன்றாம் பிரிவு ஆறு வாரம் காத்திருந்தது. 17 முதல் 85 வரை போகும் அளவுகோலில் மூச்சுப் பயிற்சி பெற்றவர்களின் மதிப்பெண் சராசரியாக 42.5 குறைந்தது. காத்திருந்தவர்களுக்கு 4.6 மட்டும். நினைவைப் பேசவைத்த சிகிச்சையைச் சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. 2010இல் ‘ஆக்டா சைக்கியாட்ரிக்கா ஸ்காண்டிநேவிகா’ இதழில் வந்த இந்த எண்களைப் பார்க்கும் எந்த ஆய்வாளருக்கும் புருவம் உயரும். மனநல மருத்துவத்தில் இவ்வளவு பெரிய வீழ்ச்சியைப் பெரும்பாலான மருந்துகளும் சிகிச்சைகளும் கண்டதில்லை. பிரித்தது குலுக்கல் முறையில் அல்ல. நன்மை செய்ய வந்தவர்கள் கேட்கும்போது ‘நல்லா இருக்குங்க’ என்று சொல்வது நம் ஊர் மரியாதையும்கூட. இவ்வளவையும் கழித்துவிட்டாலும் ஏதோ மிஞ்சுகிறது. மெதுவான மூச்சு இதயத்தோடு நேரடியாகப் பேசுவது என்பது உடலியல். உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்று வேகமெடுக்கிறது, வெளிவிடும்போது தணிகிறது. வெளிமூச்சை நீட்டினால் அந்தத் தணிவும் நீள்கிறது.

யாழ்ப்பாணத்தில் இத்தகைய பயிற்சிகளைத் தன் மக்களின் கையிருப்பிலிருந்தே எடுத்தவர் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். போர் நடந்த ஆண்டுகளில் வடக்கு முழுவதற்கும் மனநல மருத்துவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். வந்தவர்களோ மனதைப் பற்றிப் பேசவில்லை. உடம்பு முழுக்க நோகுது, நெஞ்சு படபடக்குது, தலை விறைக்குது, பெருமூச்சு விட்டபடியே இருக்கிறேன் என்றார்கள். தசைத் தளர்வு, மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம் ஆகியவற்றை அவர் சிகிச்சையில் சேர்த்தார். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப மனதில் சொல்லும் பயிற்சிக்கு அவரவர் சமயத்திலிருந்தே சொல்லை எடுத்துக்கொள்ளச் சொன்னார். சைவருக்கு ஓம், கத்தோலிக்கருக்கு ஜெபமாலை, முஸ்லிமுக்குத் திக்ர், பௌத்தருக்குப் புத்தம் சரணம். ஆசிரியர்களையும் கிராம மட்டப் பணியாளர்களையும் இவற்றைக் கற்றுக்கொடுக்கப் பழக்கினார்கள். உள்ளூர் வழக்கம் என்பதால் வெட்கமில்லை, செலவுமில்லை.

ஒப்பாரியையும் கூத்தையும் சோமசுந்தரம் இதே வரிசையில் வைத்துப் பார்த்தார். மாரடித்து, தோளோடு தோள் கட்டி, உடல் ஓயும்வரை அழுவது தனி ஒருவர் பாய் விரித்துச் செய்யும் பயிற்சி அல்ல. ஊர் கூடிச் செய்வது. போர் முடிந்த 2009க்குப் பின் அதற்கே தடை வந்தது. ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வவுனியா முகாம்களில் முள்வேலிக்குள் இருந்தார்கள். இறந்தவர்களைக் கூடி நினைவுகூர்வதும் பின்னாளில் கெடுபிடிக்கு உள்ளானது. ‘இப்போது நீ பத்திரமாக இருக்கிறாய்’ என்று உடலுக்குக் கற்பிப்பதுதான் எல்லா மூச்சுப் பயிற்சிகளின் சாரமும். வாசலில் விசாரணைக்கு ஆள் வந்து நிற்கும் வீட்டில் அந்தப் பாடம் பொய்யாகிவிடுகிறது. உடல்வழிச் சிகிச்சைகளைப் பற்றிய நூல்களில் இந்தப் பக்கம் பெரும்பாலும் விடுபட்டிருக்கும்.

யோகாவின் வலுவான ஆதாரம் பாஸ்டன் பகுதியிலிருந்து வந்தது. பெஸல் வான் டெர் கோக், வேறு சிகிச்சைகளில் குணமாகாத 64 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்குப் பத்து வாரம், வாரம் ஒரு மணி நேரம் யோகா; மற்றதற்கு அதே நேரம் பெண்கள் நலக் கல்வி. 2014இல் வந்த முடிவில், யோகா பிரிவின் 31 பேரில் 16 பேருக்கு பி.டி.எஸ்.டி. என்று சொல்லும் அளவுக்கு அறிகுறிகள் இல்லை. மற்றப் பிரிவில் 29 பேரில் 6 பேர். தொடக்க வாரங்களில் இரு பிரிவும் தேறின, பிறகு கல்விப் பிரிவு பின்வாங்கியது.

அந்த வகுப்பு நடந்த விதம் கவனிக்கத்தக்கது. ஆசிரியர் யாரையும் தொட்டுத் திருத்துவதில்லை. ‘கையை உயர்த்து’ என்ற கட்டளை கிடையாது. ‘விரும்பினால் கையை உயர்த்திப் பாருங்கள், வேண்டாமென்றால் விட்டுவிடலாம், தோளில் என்ன தெரிகிறது என்று கவனிக்கலாம்’ என்ற தொனியில் பேசுகிறார். ஆசனம் சரியாக வருகிறதா என்பது பொருட்டல்ல. தன் உடலில் நடப்பதை அஞ்சாமல் உணர்வதும், அடுத்து என்ன செய்வது என்று தானே முடிவெடுப்பதும்தான் பாடம். வன்முறைக்கு ஆளானவர்களிடமிருந்து பறிக்கப்பட்டவை இவை இரண்டும். இங்கே எதுவும் வெளியேற்றப்படவில்லை. வான் டெர் கோக்கின் புகழ்பெற்ற நூல், அதிர்ச்சியின் கணக்கை உடல் வைத்திருக்கிறது என்று தலைப்பிலேயே சொன்னாலும், அவருடைய சிறந்த ஆய்வு காட்டுவது ஜேக்கப்சன் வழியைத்தான்: பொறுமையாகப் பழக்குவது.

இந்த யோகாவை, அதிர்ச்சி குறித்த எண்ணங்களை மாற்றும் பேச்சுவழிச் சிகிச்சையோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வந்தது. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றி, பாலியல் வன்முறைக்கு ஆளான 131 பெண்கள். அறிகுறிகள் குறைந்ததில் இரண்டும் சமம். பாதியில் நின்றவர்கள் யோகாவில் குறைவு. நடந்ததை விவரித்துச் சொல்ல முடியாதவர்களுக்கு இது சிறிய செய்தி அல்ல.

எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்றும் இல்லை. தளர்வுப் பயிற்சியே சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டுகிறது என்பதை 1983இலேயே ஹைடு, போர்கோவெக் என்ற இரு உளவியலாளர்கள் பதிவுசெய்தார்கள். காவலிலேயே இருந்து பழகிய உடலுக்குத் தளர்வது என்பது காவலைக் கைவிடுவது. கண்ணை மூடச் சொன்னால் பழைய காட்சி எழும். சவாசனத்தில் மல்லாந்து படுப்பது பாலியல் வன்முறையில் தப்பியவருக்குத் தாங்க முடியாததாக இருக்கலாம். மூச்சைக் கவனிப்பது மூச்சு முட்டியவரை மீண்டும் முட்டவைக்கலாம். அனுபவமுள்ளவர்கள் அதனால் கண்ணைத் திறந்தபடி, நாற்காலியில் உட்கார்ந்தபடி, கதவு தெரியும் இடத்தில் தொடங்குகிறார்கள். நினைவு அலையலையாக வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு அறையிலுள்ள பொருள்களைப் பெயர்சொல்லிக் காட்டச் சொல்கிறார்கள். வார இறுதிப் பயிலரங்கில் ஐம்பது பேரைப் படுக்கவைத்து ஒரே நேரத்தில் நடுங்கவைப்பவர்களிடம் இந்த முன்னெச்சரிக்கை எவ்வளவு இருக்கும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. தற்கொலை எண்ணம் உள்ளவருக்கும், நினைவு சிதறி நேரம் இடம் தெரியாமல் போகிறவருக்கும் முதலில் தேவை மருத்துவர்.

உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் வயதுவந்தோரின் பி.டி.எஸ்.டி.க்கு அதிர்ச்சியை மையப்படுத்திய பேச்சுவழிச் சிகிச்சை, கண்ணசைவைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். சிகிச்சை இவற்றோடு, மூச்சும் தசைத் தளர்வும் அடங்கிய அழுத்த மேலாண்மையும் இடம்பெற்றது. நடுக்கப் பயிற்சி அதில் இல்லை. பின்னர் அந்நிறுவனம் உருவாக்கிய ஐந்து அமர்வுப் பயிற்சி ஒன்றை உகாண்டாவின் ரைனோ முகாமில் தென்சூடான் அகதிப் பெண்கள் 694 பேரிடம் சோதித்தார்கள். பாடம் ஒலிப்பதிவாக ஒலிக்கிறது. மனம் புயலடிக்கும்போது கால்களைத் தரையில் அழுத்தி, மூச்சை மெதுவாக்கி, சுற்றியிருப்பதைப் பார், கேள் என்பது முதல் பயிற்சி. நடத்தியவர்கள் குறுகிய காலப் பயிற்சி பெற்ற சாதாரணப் பெண்கள். குழுவை ஒழுங்கு செய்வதும் ஒலிப்பதிவை ஓட்டுவதும் அவர்கள் பொறுப்பு. 2020இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்த முடிவுப்படி, வழக்கமான உதவி மட்டும் பெற்ற பெண்களைவிட இவர்களின் மன வேதனை அதிகம் குறைந்தது. மூன்று மாதம் கழித்து அந்த வித்தியாசம் சுருங்கியது, ஆனால் மறையவில்லை. நாகை ஆய்வின் எண்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய பலன். எண்ணிக்கையாலும் முறையாலும் நம்பத்தக்கது இதுதான்.